கொள்கை என்று சொல்லிக்கொண்டது

லண்டனிலிருந்து ஹாலந்துக்கு விமானம் ஏறாமல் போவது எப்படி என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் சாயங்கால ரயில். மேனிங்ட்ரீ தாண்டியதும் ஸ்டவர் ஆற்றின் கழிமுகம் சன்னலை ஒட்டியே கூட வரும். ஹார்விச் இன்டர்நேஷனலில் இறங்கினால் கப்பல் முனையம் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். இரவு 11 மணிக்குக் கப்பல். ராத்திரிப் பயணத்துக்கு அறை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. காலை 8 மணிக்கு ஹுக் ஆஃப் ஹாலந்து. துறைமுகத்தை ஒட்டியே ராட்டர்டாம் மெட்ரோ நிற்கும். பழைய ரயில் பாதையை 2017இல் மூடி, 2019இல் மெட்ரோவாகத் திறந்தார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் நான் இந்தப் பாடத்தை ஒப்பிக்காத வீடு கிடையாது. யார் வீட்டுப் பிறந்தநாளிலும், சாப்பாட்டுத் தட்டோடு ஓரமாக நிற்கும் ஒருவர், ‘லீவுக்கு எங்கண்ணே போறீங்க?’ என்று கேட்டுவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவேன். டப்ளின் போக வேண்டுமா, யூஸ்டனில் ஏறி ஹோலிஹெட் போங்கள்; ரயில் கான்வி கோட்டை மதிலை உரசுவதுபோலப் போகும், கப்பல் மூன்றேகால் மணி நேரம்தான். சிசிலி போக வேண்டுமா, வில்லா சான் ஜியோவன்னியில் ரயிலையே துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளி மெசினா ஜலசந்தியைக் கடக்க வைக்கிறார்கள், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். நண்பர்கள் ‘கப்பல் அண்ணாச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிவகாசிப் பக்கத்துக்காரன் என்பதால் அண்ணாச்சி. கப்பல் நானே சம்பாதித்தது.

ஏன் விமானத்தில் போவதில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது. முதலில் சுற்றுச்சூழல். அடுத்து சிக்கனம். கேட்பவர் கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ளவராக இருந்தால், மெதுவாகப் போவதன் சுகம். பலர் தலையாட்டினார்கள். ஒரு சிலர் தாங்களும் விமானத்தைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னபோது, ஊருக்கே நல்வழி காட்டியவனைப்போல நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு விமானம் என்றால் பயம். அவ்வளவுதான் விஷயம். ‘கொஞ்சம் படபடப்பா இருக்கும்’ என்று பலர் சிரித்துக்கொண்டே சொல்லும் ரகம் இல்லை. விமானக் கதவை இழுத்துச் சாத்தி நெம்புகோலைத் திருப்பும் அந்தச் சத்தம் கேட்டதும், இனி யாருக்காகவும் இது திறக்காது என்ற எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். விழுந்துவிடும் என்ற பயம் கிடையாது. விமானம் விழுவதெல்லாம் அபூர்வம் என்று புள்ளிவிவரத்தோடு எனக்கே தெரியும். வெளியே போக வழியில்லை என்பதுதான்.

இங்கே வந்த புதிதில் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தேன். ஒருமுறை ஊருக்குப் போகும்போது கதவைச் சாத்திய பிறகு, ஏதோ கோளாறு என்று ஓடுதளத்தின் ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏசி சரியாக ஓடவில்லை. சட்டைக் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னிருக்கையின் முதுகில் இருந்த மடக்கு மேசையின் தாழ்ப்பாளை நான் திருகித் திருகியதில், அந்த இருக்கைக்காரர் எழுந்து என்னைப் பார்த்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ‘நான் இறங்கிக்கொள்ளலாமா?’ என்று கேட்டேன். மடியில் குழந்தையோடு பக்கத்தில் இருந்த என் மனைவி, அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் போய்ச் சேர்ந்தோம். திரும்பியும் வந்தோம். அதற்குப் பிறகு நான் விமானம் ஏறவில்லை.

பயப்படுவது குற்றமில்லை. கரப்பான்பூச்சிக்குப் பயப்படும் போலீஸ்காரரை எனக்குத் தெரியும்; அவரே சொல்லிச் சிரிப்பார். நான் சொல்லவில்லை. பயத்துக்கு மேல் கொள்கை என்ற சட்டையை மாட்டி, வருஷக்கணக்கில் இஸ்திரி போட்டு, அதைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு உபதேசம் செய்தேன். அந்தச் சட்டைக்கு ஆன செலவையும் நான் கொடுக்கவில்லை.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். நாலு பேர் குடும்பம், நாலு படுக்கை கொண்ட அறை, கப்பல் உணவகத்தில் ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு. மலிவு விமானத்தில் முன்கூட்டியே பதிந்தால் ஆம்ஸ்டர்டாமுக்கு ஆகும் தொகையை இது பெரும்பாலும் தாண்டிவிடும். வீட்டில் கணக்கு எழுதும்போது ரயில்-கப்பல் டிக்கெட் விலையை மட்டும் மனைவி பார்க்கிற மாதிரி எழுதுவேன். அறைக்கான பணத்தை என்னுடைய இன்னொரு கார்டில் தேய்த்தேன். ‘பார்த்தியா, பெட்டிக்குத் தனிக் காசு இல்லை, ஏர்போர்ட் போக டாக்சி இல்லை’ என்று வாயால் வேறு கூட்டிக் கழித்துக் காட்டினேன்.

அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இத்தனைக்கும் ஹார்விச் பாதையில் ஓடும் ஸ்டீனா ஹாலந்திகா சாதாரணக் கப்பல் இல்லை. 240 மீட்டர் நீளம், அடியில் வரிசை வரிசையாக லாரிகள்; அமைதியான ராத்திரியில் கப்பலில் இருக்கிறோம் என்பதே தெரியாது. ஆனால் வடகடலில் காற்று எழும்பிவிட்டால் அந்த நீளத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. குளியலறைக் கதவு தானாகத் திறந்து தானாகச் சாத்திக்கொண்டிருக்கும். மேல் படுக்கையின் ஏணி சுவரில் ‘டொக் டொக்’ என்று இடிக்கும். அவள் ஊறுகாய்ப் பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து குளியலறைக்கு ஓடுவாள். நான் என்ன செய்தேன்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். உப்புக் காற்று முகத்தில் அடிக்க, இஷ்டத்துக்குத் திறந்து மூடும் கதவுகள் உள்ள இடத்தில், நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் ஒலிபெருக்கிப் பாட்டில் எழுந்து வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பவளிடம், ‘அடுத்த தடவை மாத்திரையை முன்னாடியே போட்டுக்கோ’ என்று யோசனை சொன்னேன்.

இனி சுற்றுச்சூழல். பிரிட்டிஷ் அரசு ஒவ்வொரு வகைப் பயணத்துக்கும் கரிமக் கணக்கு வெளியிடுகிறது. நான் பார்த்த வருஷத்துக் கணக்குப்படி குறுந்தூர விமானத்தில் ஒருவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம். கப்பலில் நடந்து ஏறும் பயணிக்குச் சுமார் 19 கிராம். இந்த இரண்டு எண்களையும் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சொல்லாமல் விட்ட மூன்றாவது எண் ஒன்று உண்டு. அதே கப்பலில் காரோடு ஏறுபவருக்கு அந்தக் கணக்கு சுமார் 130 கிராம். ஒரே கப்பல், ஒரே கடல், பக்கத்துப் பக்கத்து அறை. கப்பல் விடும் புகையை எடையை வைத்துப் பங்கு போடுகிறார்கள். லாரியும் காரும் கனம், அதனால் புகை அவர்கள் கணக்கில் போகிறது. கைப்பெட்டியோடு ஏறும் எனக்கு ஒரு துளி. கணக்கு தப்பில்லை. கப்பல் ஓடுவது சரக்குக்காகத்தான், நான் ஏறாவிட்டாலும் ஓடும். ஆனால் நாலு படுக்கை அறையும் உணவகமும் கடையும் சினிமாக் கொட்டகையும் லாரிகளுக்காகக் கட்டியவை அல்ல. எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு 19ஐ மட்டும் பிடித்துக்கொண்டேன்.

இதைவிட அசிங்கமானது தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நான் ஆற்றிய உரை. ‘ரயிலும் கப்பலும்: நம் முன்னோர் வழி’ என்று தலைப்பு. போட் மெயிலைப் பற்றிப் பேசினேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரை அதுவே போதும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த ஏற்பாடு நடந்தது. கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த என் தாத்தாவும் அப்படித்தான் போய்வந்தார். சபையில் நல்ல கைதட்டல். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், இலங்கை மலையகத்தில் பிறந்தவர், விழா முடிந்ததும் என்னிடம் வந்தார். அவருடைய தாத்தாவும் அதே வழியாகத்தான் போனாராம். மண்டபம் முகாமில் தோட்டக் கூலிகளை நோய்ச் சோதனைக்காக அடைத்து வைத்து, மருந்து தெளித்து, அப்புறம்தான் அந்தக் கப்பலில் ஏற்றினார்களாம். ‘அவங்க லீவுக்குப் போகலை தம்பி’ என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வடை எடுக்கப் போனேன். பயத்தை மறைக்க அவர் தாத்தாவையும் என் தாத்தாவையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதே உறைத்தது. ஆனாலும் அடுத்த இடத்தில் அதே உரையை மறுபடி பேசினேன்.

இதுவரை சொன்னதெல்லாம் அற்ப விஷயம். எழுதக் கை வராதது ஒன்று இருக்கிறது.

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் ஒரே தாய்மாமன். சித்திரையில் முகூர்த்தம். பிள்ளைகளுக்கு ஈஸ்டர் லீவு எப்போது என்று அக்கா என்னிடம் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டு, ஜோசியரிடம் வாதாடி, அந்த வாரத்துக்குள் நாள் பார்க்க வைத்திருந்தாள். மணப்பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது எங்கள் பக்கம் தாய்மாமன் வேலை. சீர்த்தட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டியவன் நான்.

ஆபீசில் பெரிய வேலை ஓடுகிறது, லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். லீவு கேட்கவே இல்லை. ‘நானும் பிள்ளைகளுமாவது போறோமே’ என்றாள் மனைவி. லீவு சமயத்தில் டிக்கெட் விலை யானை விலை என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அதற்கு மேல் பேசவில்லை. தான் மட்டும் போனால் அங்கே அத்தனை பேருக்கும் என் பொய்யைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை.

பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். எனக்குக் குறுகுறுப்பு. அதைத் தணித்துக்கொள்ள என்ன செய்தேன் என்றால், எல்லோரையும் ஹாலந்துக்குக் கூட்டிப்போனேன். ஆம், கப்பலில்தான். லைடனிலிருந்து பஸ் பிடித்து கூகன்ஹோஃப் டியூலிப் தோட்டம். அந்தத் தோட்டம் வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் திறந்திருக்கும். வரிசை வரிசையாக மஞ்சளும் ஊதாவும். மகள் அங்கே எங்கள் நாலு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். படத்தில் நான் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதை அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது எனக்குத் தெரியாது. ராத்திரி ராட்டர்டாம் ஓட்டல் அறையில், ‘அப்பா, பெரியத்தை ஸ்டேட்டஸ் பார்த்துட்டாங்க, ஆனா எதுவும் போடலை’ என்று போனை நீட்டினாள். பார்த்தவர்கள் பட்டியலில் அக்கா பெயர் இருந்தது. பக்கத்தில் நேரம். இந்தியாவில் அப்போது நடுராத்திரி தாண்டியிருந்தது. கல்யாண வீட்டில் தூங்காமல் தாம்பூலப் பை கட்டிக்கொண்டிருக்கும் நேரம். மகளிடம் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். ‘ஏன்?’ என்றாள். ‘எடுன்னா எடு’ என்று கத்தினேன். அவளிடம் நான் கத்துகிற வழக்கமில்லை.

சித்தப்பா மகன் மாலை போட்டுக் கூட்டிவந்தான். வீடியோவில் பார்த்தேன். அக்கா அதன் பிறகும் பேசினாள். பிள்ளைகள் படிப்பு, ஊரில் மழை, அம்மாவின் மூட்டுவலி. ஹாலந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் குட்டை உடைத்தது மகள்தான். பள்ளிக்கூடப் புவியியல் பாடத்துக்காகப் பயணங்களின் கரிம அளவை ஒப்பிட்டு எழுத வேண்டியிருந்தது. நானே பெருமையாக அந்த அரசுக் கணக்கை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ‘அப்பா, யூரோஸ்டார் நாலு கிராம்தான் போட்டிருக்கு. கப்பல் பத்தொன்பது. அப்போ நாம ஏன் யூரோஸ்டார்ல போகலை?’

சரியான கேள்வி. லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு 2018 முதல் நேரடி யூரோஸ்டார் உண்டு. நாலு மணி நேரச் சொச்சம். புகையும் குறைவு, நேரமும் குறைவு, அவள் அம்மாவுக்கு வாந்தியும் வராது. கொள்கைக்காகப் போகிறவன் அதில்தான் போயிருக்க வேண்டும். நான் போகாததற்குக் காரணம் 50 கிலோமீட்டர் சுரங்கம். அதில் பாதிக்கு மேல் கடலுக்கு அடியில். அங்கேயும் கதவு திறக்காது. ‘டிக்கெட் விலை ஜாஸ்தி’ என்றேன். அவள் போனை எடுத்து, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாலு டிக்கெட்டின் விலையையும், நான் எடுக்கும் கப்பல் அறையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். அறையின் விலையை என் மனைவி முதல்தடவையாக அப்போதுதான் பார்த்தாள்.

யாரும் சண்டை போடவில்லை. மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே, ‘அப்பாவுக்கு மூடின இடம்னா பயம்மா. பிளேன்லயும் அதான்’ என்று சாதாரணமாகச் சொன்னாள். ஓடுதளத்து நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்தானே. தெரிந்துகொண்டேதான் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு கப்பல் ஏறியிருக்கிறாள். நான் என்றைக்காவது வாயைத் திறந்து சொல்வேன் என்று காத்திருந்தாளாம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று ராத்திரி நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் அரைகுறை. அக்காவுக்குப் போன் போடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து லண்டனிலிருந்து சிவகாசிக்குத் தரைவழியே போக முடியுமா என்று தேடினேன். இஸ்தான்புல் வரை ரயில். துருக்கியின் கிழக்கே வான் ஏரி. அதில் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கரை மாற்றுகிறார்கள். பிறகு ஈரான், குவெட்டா, லாகூர். அதோடு நின்றது. லாகூரிலிருந்து நம் எல்லைக்குள் வரும் சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டிலேயே நின்றுபோய்விட்டது. விடிய விடிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் எண்ணை அமுக்குவதைவிட பலுசிஸ்தான் எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். லீவு கேட்கவில்லை என்பதையும், பயத்தையும், டியூலிப் தோட்டத்தையும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

“ஏம்ப்பா, பிளேன்னா பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சின்ன வயசுல ராட்டினத்துக்கே அழுதவன் நீ, எனக்குத் தெரியாதா? உன் அத்தான் அத்தனை பேர் முன்னாடி நின்னு, ‘மச்சானுக்கு ஆபீஸ்ல விடமாட்டேங்கிறான்’னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்த மனுசன் ஜென்மத்துல பொய் சொன்னதில்ல. அவரைச் சொல்ல வச்சுட்டியே.”

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதியைச் சொன்னாள். வருகிறாயா என்று மட்டும் கேட்கவில்லை.

இந்தப் பயத்துக்கு விமானக் கம்பெனிகளே வகுப்பு நடத்துகின்றன. காலையில் ஒரு விமானி வந்து இறக்கை ஏன் ஆடுகிறது, சத்தம் ஏன் வருகிறது என்று விளக்குவார். மனநல ஆலோசகர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார். சாயங்காலம் எல்லோரையும் ஏற்றி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். மனைவி எனக்குப் பெயர் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டாள். அந்தத் தேதி போன மாதம் வந்தது. வேறு தேதி வேண்டும் என்று நானே அவர்களுக்கு எழுதினேன். காரணம் கேட்டிருந்த கட்டத்தில், ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று போட்டேன். அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் கிடையாது.